முந்திக் கட்டிய பேனர்

நீச்சல் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். என் பணிக்காலம் முழுவதும் தண்ணீருக்குள் இருந்த பிள்ளைகளால் எனக்குப் பெரிய தொந்தரவு எதுவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் கரையிலிருந்து. கரையைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் பாடம் கிடையாது என்பதால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த குளத்தில் எனக்கு மூத்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். பெற்றோர் உட்காரும் நாற்காலிகளை அவர் சுவரைப் பார்த்துப் போட்டு வைத்திருப்பார். ஏன் என்று கேட்டேன். "பசங்க தண்ணியப் பாக்கட்டும், இவங்க செவுரப் பாக்கட்டும். ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்ததும் நானும் அப்படியே போட்டேன். மறுநாள் காலையில் எல்லா நாற்காலிகளும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. யாரும் சண்டைக்கு வரவில்லை. மரியாதையாகத் திருப்பிப் போட்டு, உட்கார்ந்த பிறகு எனக்கு வணக்கம் சொன்னார்கள். ஒரு புடவை எடுப்பதென்றாலே முழுக்க விரித்து, உள்பக்கம் திருப்பி, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஊர் அது. அங்கே போய்ப் பிள்ளையைப் பார்க்காதே என்றால் நடக்குமா? மூத்தவரின் உத்தியில் குறை இல்லை. அது வேறு ஊருக்கானது.

கோயிலுக்கொரு குளம் இருக்கிற ஊரில் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் குறைவாக இருந்ததும் எனக்கு முதலில் விளங்கவில்லை. குளங்களைச் சுற்றி இரும்பு வேலி போட்டிருந்தார்கள். இறங்கினால் காவலாளி விசில் ஊதுவார். ஆகவே ஊருக்கு வெளியே நீல ஓடு பதித்த எங்கள் இடத்துக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அதை யாரும் குளம் என்று சொல்வதில்லை. அது 'பூல்'. குளம் என்றால் சாமிக்கு.

கரையில் பலவிதமானவர்கள். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த ஒருவர் தன் மகன் நீளவாக்கில் போய்த் திரும்புவதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "தறியில நாடா ஓடுற மாதிரி போயிக்கினும் வந்துக்கினும் இருக்குது சார். துணி எங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்னொரு தகப்பனாருக்கு நீச்சலே தெரியாது. ஆனால் மகள் நீந்தும்போது அவளோடு சேர்ந்து கரையோரமாக ஓடிக்கொண்டே "கைய வீசு, கைய வீசு" என்று கத்துவார். அந்தப் பருவம் முடிந்தபோது இருவரில் உடல் தேறியிருந்தது அவர்தான்.

புதிதாக வரும் பெற்றோரை எடைபோட எனக்கு ஒரு வழி இருந்தது. பிள்ளை தண்ணீரிலிருந்து ஏறி வந்ததும் அவர்கள் முதலில் நீட்டுவது துண்டையா, கேள்வியையா என்று பார்ப்பேன். பெரும்பாலும் அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். அருள்தாஸ் இரண்டையும் நீட்டவில்லை. போனை நீட்டினார். "பெனி, இப்டி பாரு. கண்ணாடிய கழட்டு. மூஞ்சி தெரியட்டும்."

அருள்தாசுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. வீடு ஐயம்பேட்டையில். மனைவி ஸ்டெல்லாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரே மகள் பெனிட்டா. மூச்சிரைப்புக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதால் கொண்டுவந்து விட்டார்கள். மூச்சிரைப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. அதற்குள் அவள் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

அவள் நீந்தியது பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்த நீச்சல். அதில் ஒரு சங்கடம் உண்டு. மல்லாந்து போகிறவருக்குச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. தலைக்கு மேலே குறுக்காகக் கட்டியிருக்கும் சின்னக் கொடிகளைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். அநேகம் பிள்ளைகள் கொடியைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, கழுத்தைத் திருப்பிச் சுவரைத் தேடுவார்கள். பெனிட்டா திரும்ப மாட்டாள். கொடி சொன்னால் போதும் அவளுக்கு. இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, நான் முயன்றிருக்கிறேன்.

மாவட்டப் போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தாள். இரண்டு நாளில் எங்கள் பூல் வாசலில் ஒரு பேனர் நின்றது. 'நீரில் ஒரு மின்னல்' என்று எழுதியிருந்தது. முகம் பெனிட்டாவுடையது. அதற்குக் கீழே இருந்த தோளும் கைகளும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரருடையவை, வளர்ந்த ஆண். அந்தக் கைகள் பட்டர்ஃபிளை நீந்திக்கொண்டிருந்தன. மேல் மூலையில் ஒரு முட்டை வடிவ வட்டத்துக்குள் நான் இருந்தேன். என் பெயருக்கு முன்னால் 'நீச்சல் சிற்பி' என்ற பட்டமும், கீழே என் போன் நம்பரும் இருந்தன.

அவள் நீந்துவது பட்டர்ஃபிளை இல்லையே என்று கேட்டேன்.

"பேக்ஸ்ட்ரோக்குல மூஞ்சி நல்லா தெரியுது சார். ஆனா வாயத் தொறந்துக்கினு இருக்குது. பட்டர்ஃபிளைலதான் ஒரு கம்பீரம் வருது" என்றார் அருள்.

அடுத்த பேனரில் என்னை எடுத்துவிடச் சொன்னேன். அடுத்த பேனரில் நான் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தேன். அதற்குள் மற்ற பெற்றோரும் அவர் கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். எந்த நீச்சல் படத்தில் நன்றாக விழும் என்று ஒரு தாய் என்னிடம் ஆலோசனை கேட்டார். அதையே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் திட்டம்.

நான் ஏன் இதையெல்லாம் தடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பெனிட்டா அந்தப் பேனர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் காரணம். "எங்க அப்பாவுக்கு வேற வேல இல்ல சார்" என்பாள். பிள்ளை சிரிக்கிற வரைக்கும் தகப்பனாரின் கூத்தை நிறுத்துவது நம் வேலையல்ல. அந்தச் சிரிப்பு நிற்கும் நாளைக் கவனித்துக்கொண்டிருப்பதுதான் நம் வேலை.

அந்த நாள் சென்னையில் வந்தது.

மாநிலப் போட்டிக்கு அவள் தகுதி பெற்றிருந்தாள். காலையில் தகுதிச் சுற்று, பிற்பகலில் இறுதிச் சுற்று. கிளம்புவதற்கு முன்பே அருளைக் கூப்பிட்டு, "அங்க பெரிய பெரிய அகாடமி பசங்கல்லாம் வருவாங்க. ஃபைனலுக்கு வந்தாலே பெரிய விஷயம்" என்று சொல்லிவைத்தேன். ஒரு வாக்கியத்தில் கேட்பவர் எந்தப் பாதியை எடுத்துக்கொள்வார் என்று சொல்பவருக்குத் தெரியாது. அருள் 'பெரிய விஷயம்' என்ற பாதியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

தகுதிச் சுற்றில் அவள் கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டு இறுதிச் சுற்றுக்குள் வந்தாள். எனக்கு அதுவே திருப்தி. மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அருளின் போன் ஒருமுறை ஒலித்தது. பிறகு நிற்காமல் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர் கையில் இருந்த ஸ்பூனை டப்பாவுக்குள் போட்டுவிட்டு, என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்த் திரையைக் காட்டினார்.

ஐயம்பேட்டை ஜங்ஷனில், அனுமதியின்றிப் பேனர் வைக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்திலேயே, ஒரு பேனர் நின்றது. 'மாநில நீச்சல் போட்டியில் தங்கம் வென்ற ஐயம்பேட்டையின் தங்கமே, வருக வருக!' கழுத்தில் பெரிய பதக்கத்தோடு பெனிட்டா; தோளும் கைகளும் அதே வெளிநாட்டுக்காரருடையவை, மூலையில் வழக்கம்போல நானும் என் போன் நம்பரும்.

"போட்டி இன்னும் நடக்கலையே அருள்."

"தெரியும் சார். கட்டுற ஆளுகிட்ட, நான் போன் பண்ணப்புறம் கட்டுன்னுதான் சொல்லியிருந்தேன். அதே ஜங்ஷன்ல ஒரு காதுகுத்துப் பேனரு கட்டப் போயிருக்கான். ஏணி போனது போனதுன்னு நம்மளதையும் சேத்துக் கட்டிட்டான்."

அவிழ்க்கச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். கட்டுகிற ஆள் அடுத்த வேலைக்கு மாகறல் போய்விட்டாராம். ஏணியோடு.

போட்டிக்கு முன்னாலேயே தங்கம் என்று எதற்காக அடிக்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"கல்யாணப் பேனரு தாலி கட்டினப்புறமாவா சார் அடிக்கிறாங்க? தலைவரு வந்து எறங்கினப்புறமாவா 'வருக வருக' போடுறாங்க? ஐசியூல ஒருத்தர் இருக்காருன்னா, சொல்லக் கூடாது, போட்டோவ வாங்கி டிசைன் பண்ணி சிஸ்டத்துல ரெடியா வெச்சுக்குவோம். கடைசி நேரத்துல கரண்டு இருக்காது சார்."

தொழில் முறைப்படி பார்த்தால் அதில் ஓட்டை எதுவும் இல்லை. அவர் தொழிலில் பேனர் முதலில் வரும், நிகழ்ச்சி பின்னால் வரும். எந்த நிகழ்ச்சியும் அதுவரை அவரைக் கைவிட்டதில்லை. மாப்பிள்ளைகள் வந்தார்கள். தலைவர்கள் தாமதமாகவாவது வந்தார்கள். ஐசியூவில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஒத்துழைத்தார்கள். நீச்சல் போட்டி ஒன்றுதான் அவர் சொல் கேட்காத நிகழ்ச்சி. அதை அவர் அன்றுதான் முதல்முறையாகச் சந்தித்தார்.

பேனரின் படம் அதற்குள் சொந்தக்காரர்களுக்கு, சர்ச் குரூப்புக்கு, பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லோரும் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் எந்தப் போட்டி, எப்போது நடந்தது என்று கேட்கவில்லை. அச்சில் வந்ததைக் கேள்வி கேட்கும் வழக்கம் நமக்குக் கிடையாது.

நாங்கள் திரும்பி வந்தபோது பெனிட்டா டப்பாவை மூடிவைத்துவிட்டு, அம்மா தன்னிடம் கொடுத்துவிட்டிருந்த பழைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் ஜெயிச்சிட்டேனாம்" என்றாள். "அம்மா கேன்டீன்ல எல்லாருக்கும் சாக்லேட்டு குடுத்துட்டாங்க. இப்ப நான் என்னா பண்றது?"

சிரிக்கவில்லை.

அருள் மறுபடியும் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார். வயிற்றுவலி என்று சொல்லி அவளைப் போட்டியிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். நீந்தினால்தானே தோல்வி? நீந்தவே இல்லை என்றால் ஊருக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். காலையில் ஜெயித்ததைத்தான் அப்படிப் போட்டோம் என்றுகூடச் சொல்லலாம். அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே விஷயம்தான்: பேனரை இறக்க முடியாது, ஆகவே மகளைப் போட்டியிலிருந்து இறக்க வேண்டும்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் இரண்டில் ஒன்றைச் செய்யத் தோன்றும். ஒன்று, தகப்பனார் கேட்டபடி வயிற்றுவலியை எழுதிக்கொடுப்பது. இன்னொன்று, பிள்ளையைத் தோளில் தட்டி, அந்தப் பேனரை உண்மையாக்கிவிட்டு வா என்று அனுப்புவது. இரண்டாவது கேட்பதற்கு வீரமாக இருக்கும். உண்மையில் அது முதலாவதைவிடக் கொடுமை. அவளைவிட வேகமான பிள்ளைகள் நாலைந்து பேர் அன்று அங்கே இருந்தார்கள். காலையில் நானே அவர்கள் நீந்துவதைப் பார்த்திருந்தேன்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவளே வந்துவிட்டாள். அருள் தாழ்த்திய குரலும் கொஞ்சம் பெரிய குரல்தான்.

"எனக்கு வயிறு நல்லாதான்பா இருக்குது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தோத்துட்டேன்னா அப்பா என்னா சார் பண்ணுவாரு?"

"அது அப்பா கவலை. அவரு கடை, அவரு பேனரு. உன் வேலை தண்ணியில. பேனரு தண்ணிக்குள்ள வராது."

"மேல கொடி இருக்குமே சார்."

"அதுல ஒண்ணும் எழுதியிருக்காது. போ."

அப்போது லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான் நான் கொடுத்த ஊக்கவுரை.

போட்டியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் அதுவரை நீந்தியதிலேயே நன்றாக நீந்தினாள். ஐந்தாவதாக வந்தாள். நன்றாக நீந்தியும் ஐந்தாவதாக வரலாம் என்பது எந்தப் பேனரிலும் எழுத முடியாத செய்தி. உங்கள் வேலையில் பாதி அந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்ப்பதுதான். சுவரைத் தொட்டதும் கண்ணாடியைக் கழற்றிப் பலகையைப் பார்த்தாள். தன் நேரத்தைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு அப்பாவைத் தேடிக் கேலரியின் பக்கம் திரும்பினாள். திரும்பிக்கொண்டிருக்கும்போதே பாதி வழியில் அது நின்றுபோனது.

அருள் அங்கேயே இருந்தார். இரண்டு கைகளாலும் போனைப் பிடித்திருந்தார். படம் எடுக்கவில்லை.

நான் கீழே போய்த் துண்டைக் கொடுத்துவிட்டு, நன்றாக நீந்தினாய் என்றேன். தெரியும் சார் என்றாள். அதற்குள் அருளும் இறங்கி வந்திருந்தார். அப்போது என் போன் அடித்தது. அவள் படித்த பள்ளியின் தலைமையாசிரியை. பேனரில் என் படத்துக்குக் கீழே இருந்த நம்பர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயன்பட்டது.

அந்த அம்மாள் மகிழ்ச்சியில் இருந்தார். நாளைக் காலை அசெம்பிளியில் பெனிட்டாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். கவுன்சிலர் வருகிறார். பள்ளி வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவதற்கு விவரம் சரிபார்க்க வேண்டும்.

"தங்கம்தானே சார்?" என்று கேட்டார்.

அவர் குரல் எங்கள் மூவருக்குமே கேட்டது. அருள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மெதுவாக இரண்டு முறை அழுத்திக் காட்டினார். அப்படியே விட்டுவிடுங்கள் என்று அதற்குப் பொருள். மகள் அந்தக் கையைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் நான் யோசித்தது என்னவென்று சொல்கிறேன். ஆமாம் என்று சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மாநிலப் போட்டியின் முடிவுகளைத் தேடிப் படிப்பவர் ஐயம்பேட்டையில் யாரும் இல்லை. ஆனால் நாளைக்கு அந்தப் பொன்னாடை அவள் தோளில் விழும். அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டியிலும் அவள் முதலில் அந்தப் பொய்த் தங்கத்தை ஜெயிக்க வேண்டியிருக்கும். இல்லை என்று நானே சொன்னால், ஒரு தகப்பனை அவர் மகள் கண்முன்னால் பொய்யராக்கியவன் ஆவேன். எந்தப் பிள்ளையும் அதை மன்னிக்காது. அப்பா பக்கம் போய் நின்றுகொள்ளும். நிற்கவும் வேண்டும்.

"நீந்தினவங்களே பக்கத்துல இருக்காங்க மேடம். கேட்டுக்கோங்க" என்று சொல்லிப் போனை பெனிட்டாவிடம் கொடுத்தேன்.

அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"மேடம், அஞ்சாவது மேடம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்ல மேடம், ஸ்டேட்ல அஞ்சாவது." மறுபடியும் கேட்டாள். "அது முன்னாடியே அடிச்சது மேடம். கடையில எல்லாமே முன்னாடியேதான் அடிப்பாங்க. காது குத்துறதுக்கு முன்னாடியே காதுகுத்துப் பேனரு அடிக்கிறாங்கல்ல, அது மாதிரி."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"பொன்னாடை வாங்கியாச்சாம் சார். கவுன்சிலருக்கும் சொல்லியாச்சாம். அதனால போத்திடுறாங்களாம்."

இதை ஒரு விதியாக எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். வேறொரு பிள்ளையிடம் கொடுத்திருந்தால் அது தலையைக் குனிந்துகொண்டு 'தங்கம் மேடம்' என்று சொல்லியிருக்கலாம். பயந்த பிள்ளை அழுதிருக்கும். பெனிட்டா அழவும் மாட்டாள், கழுத்தைத் திருப்பிச் சுவரைத் தேடவும் மாட்டாள் என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். தெரிந்த பிள்ளையிடம் மட்டும்தான் இப்படிப் போனைக் கொடுக்கலாம். தெரிந்துகொள்வதற்காகத்தான் நமக்குத் தினமும் காலையும் மாலையும் கரையில் நிற்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அருள் வேனை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேனர்களையும் சவுக்குக் கட்டைகளையும் ஏற்றிச்செல்லும் பழைய வேன் அது. பெனிட்டா பின்னால் கட்டைகளுக்கு நடுவே இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். நான் முன்னால். பூந்தமல்லி தாண்டியது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியது. அருளின் போன் சட்டைப்பையில் அவ்வப்போது ஒலித்தது. யாரோ இன்னும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் சிக்னலில் நின்றபோது, என்னிடமும் இல்லாமல் அவளிடமும் இல்லாமல் கண்ணாடியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எங்க அப்பா பொறந்த ஊர்ல ஒரு கொளம் இருக்குது. எங்காளுங்கள அதுல எறங்க வுட மாட்டாங்க. மாடு எறங்கும். எங்கப்பா கரையில நின்னுக்கினு பாப்பாராம். பூலுக்கு மொத நாளு இவளக் கூட்டிக்கினு வந்தேன் பாரு, இவ பாட்டுக்குக் குதிச்சிட்டா. யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் யாராச்சும் வந்து கேப்பாங்களான்னு சுத்திமுத்திப் பாத்துக்கினு நின்னேன் சார். இருவது வருசமா ஊர்ல இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் பெருசு பெருசா நான்தான் அடிச்சுக் குடுக்குறேன். எங்க வூட்டு மூஞ்சி ஒண்ணுகூட ஐயம்பேட்ட ரோட்டுல நின்னதில்ல. இவளோடதுதான் மொதல்ல. அதையும் இப்ப எறக்கணும்."

சிக்னல் மாறியது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

"எறக்க வேணாம்பா" என்றாள் பெனிட்டா பின்னாலிருந்து. "மூஞ்சி என்னுதுதான? அது இருக்கட்டும். எழுத்த மட்டும் மாத்து."

"என்னான்னு?"

"அஞ்சாவதுன்னு."

"அஞ்சாவதுக்கு எவன்மா பேனரு வெப்பான்?"

"நீதான் வெச்சியே, மூணாவதுக்கு."

அருள் வண்டியை எடுத்தார். ஊருக்குள் வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார். ஃப்ளெக்ஸ் கடைகளில் 'ஒட்டு' என்று ஒரு வேலை உண்டு. பெயரில் எழுத்துப் பிழை வந்துவிட்டாலோ, தலைவருக்கு ஒரு பட்டம் விட்டுப்போனாலோ, முழுப் பேனரையும் மறுபடி அடிக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு அடித்து மேலே ஒட்டிவிடுவார்கள். பகலில் பார்த்தால் நிறம் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா ஷிஃப்ட் முடிந்து போன் செய்தார். பெனிட்டா விஷயத்தைச் சொன்னாள். சாக்லேட்டைத் திருப்பி வாங்க முடியாது, ஐந்தாவதுக்கே கொடுத்ததாக இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பத்தில் அன்று விஷயத்தைச் சட்டென்று முடித்தவர் அவர் ஒருவர்தான். அவர் எங்கள் கரைக்கு அதிகம் வந்ததில்லை.

பிள்ளைகளின் ஆசைக்குத் துணை நில்லுங்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் நாம் சொல்கிறோம். அவர்கள் தலையாட்டுகிறார்கள். எங்கே நிற்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அருள் அதுவரை அவளுக்கு இரண்டு அடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதை அவருக்கு எடுத்துச்சொல்லும் பக்குவம் எனக்கு இருந்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். தலைமையாசிரியையிடம் மகள் பேசிய நாலு வார்த்தை அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியது.

ஐயம்பேட்டை ஜங்ஷனுக்கு நாங்கள் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மெக்கானிக் கடையில் ஏணி வாங்கினோம். அருளே ஏறினார். 'தங்கம் வென்ற' என்ற இடத்தில் 'ஐந்தாம் இடம் பெற்ற' என்ற துண்டை வைத்து, ஓரத்தில் பசை தடவி, உள்ளங்கையால் நீவினார். எழுத்து அதிகமானதால் துண்டு நீளமாகிவிட்டது. வெளிநாட்டுக்காரரின் இடது கையை அது பாதி மறைத்தது. பெனிட்டா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, கோணலாக இருக்கிறது, அந்தப் பக்கம் தூக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆள் ஏற்றுவதற்காக நின்ற ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, ஒட்டிய துண்டைச் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அஞ்சாவதா? அஞ்சாவது வந்ததுக்கெல்லாமா பேனரு வெப்பாங்க?"

அருள் ஏணியில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். கையில் பசை வழிந்துகொண்டிருந்தது.

"ஸ்டேட்ல நீ எத்தினாவதுபா?"